எந்தச் சாவிக்கும் ஓடிய கார்

தேய்ந்துபோன பொருளை மாற்றிவிட வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் இரண்டாவது கருத்து இருந்ததில்லை. செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் இடுப்பு வலிக்கும்வரை காத்திருக்க மாட்டேன். மோட்டார் பெல்ட்டில் நூல் பிரிந்தால் அன்றைக்கே புதுசு வாங்கிப் போட்டுவிடுவேன். எங்கள் பக்கத்தில் இதைக் கிறுக்கு என்பார்கள். ஊரே கயிறு கட்டியும் டேப் சுற்றியும் காலத்தை ஓட்டுகிற இடத்தில், முறையாக வேலை செய்கிறவனைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆகவே, இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு காருக்கு நான் புது இக்னிஷன் போட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஸ்டேஷனில் எஸ்.ஐ.யும் அதைத்தான் சொன்னார். என் தம்பி பெண்டாட்டி மலர்விழி கொடுத்த புகாரைப் படித்துவிட்டு, "இக்னிஷன் மாத்துனதுக்கெல்லாம் எந்தச் செக்‌ஷன்லங்க கேஸ் போடறது" என்று என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார். "ஒண்ணுமில்லீங்க. மாத்துனேன், ஊட்டுல சொல்ல மறந்துட்டேன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. முடிச்சுக்கலாம்" என்றார்.

அந்த நாலு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி பொய். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. என் தம்பி ரமேஷ்குமார் செத்ததைப் பற்றி ஊரில் எல்லோரும் தப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை யாராவது ஒருவர் சரியாகச் சொல்லியாக வேண்டும். என்னை விட்டால் அதற்கு ஆள் இல்லை.

என் பெயர் குணசீலன். ராசிபுரத்துக்கு அந்தண்டை தோட்டம். பாதி வயசை வடநாட்டில் ரிக் வண்டிகளோடு கழித்தேன். போர்வெல் போடுகிற வேலையில் ஒரு நட்டு தளர்ந்தாலும் ஆள் போய்விடுவான்; அங்கே கற்றுக்கொண்ட ஒழுங்கு இது. ரமேஷ்குமார் அப்படி எங்கும் போகவில்லை. அப்பா வெள்ளியங்கிரியின் நிழலிலேயே மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டு, நல்லவன் என்று பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்லவன் என்று பேர் வாங்குவது சுலபம். எதற்கும் மாட்டேன் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

அப்பா பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார், வீட்டைப் பிரித்தார். கிணற்றை மட்டும் எங்கள் பக்கத்து வழக்கப்படி பொதுவில் விட்டார்: ஒரு வாரம் எனக்குத் தண்ணீர் முறை, ஒரு வாரம் அவனுக்கு. கூடவே, உலகத்தில் யாரும் செய்யாத காரியமாக, தன்னுடைய காரையும் பொதுவில் விட்டார். யாருக்குக் கிணற்று முறையோ அவனுக்கே அந்த வாரம் காரும். இதிலாவது ஒரு கணக்கு இருந்தது. உடனே அதையும் கெடுத்தார். "ஆத்தர அவசரத்துக்கு முறையெல்லாம் பாக்கப்படாது சாமி. சாவி சாளையிலயே தொங்கட்டும், ஆருக்கு வேணுமோ எடுத்துக்கங்க" என்றார். கார் நிற்கிற அந்தத் தகரச் சாளையின் தூணில் தன் கையாலேயே ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டினார்.

அப்புறம் அந்தக் கார் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமா. பிரசவம், பெண் பார்ப்பது, தீவன மூட்டை, தேங்காய், எல்லாவற்றுக்கும் அதுதான். கண்டவனும் சாவியைப் போட்டுத் திருகித் திருகி, இக்னிஷன் துளை பல் போன கிழவன் வாய் மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சாவியைப் போட்டாலும் எடுத்தது. மோட்டார் ரூம் சாவிக்கு எடுத்தது. பீரோ சாவிக்கு எடுத்தது. ஒருமுறை நகவெட்டியில் இருக்கிற அரத்தைச் சொருகி மலர்விழி ஸ்டார்ட் செய்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இதில் அவளுக்குப் பெருமை வேறு. ஒருநாள் ஆண்டகலூர் கேட் பக்கம் நான் ஓட்டிப் போகும்போது, சாவி தானாகக் கழன்று என் மடியில் விழுந்தது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா போனபோது நான் சத்தீஸ்கரில் இருந்தேன். தகப்பனுக்குத் தலைமகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி நான் வந்து சேர்ந்தபோது, சுடுகாட்டிலிருந்து ஈரத்துணியோடு எல்லோரும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ரமேஷ்குமார் முன்னால் வந்தான், தலையை மழித்திருந்தான். "பொழுது எறங்கிருச்சுங்ணா. பெரியவங்க வெக்கச் சொல்லீட்டாங்க" என்றான். அழுதிருந்தான். எனக்கு அப்போது அவன்மேல் இருந்தது கோபம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பொழுது இறங்கினால் என்ன, மறுநாள் காலை ஏறாதா என்று தோன்றியது, அவ்வளவுதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே கார், பேச்சு மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துப் பங்காளி வீடுகளில் இது புதுசு ஒன்றும் இல்லை. இதையெல்லாம் ஒரு காரணமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ரமேஷ்குமாருக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு. தூசு பட்டால் நெஞ்சு அடைத்து, விசில் அடிக்கிற மாதிரி மூச்சு வரும். போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் சமயத்தில் ஒருநாள் ரொம்ப முற்றிவிட்டது. ஆணியில் சாவி இல்லை. யாரோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மலர்விழி கொஞ்சமும் யோசிக்காமல் மோட்டார் ரூம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, அதைப் போட்டே காரை எடுத்து, ராசிபுரம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். ஊரெல்லாம் இதே பேச்சு. நானும் கேட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ரமேஷ்குமார் என்ன செய்தான் தெரியுமா? காரைக் கழுவி, மாலை போட்டு, அந்தத் தேய்ந்த இக்னிஷன் துளைக்குத் தனியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தான். "என்ற உசுரக் காப்பாத்துன சாமி இதுதான்" என்று எல்லோரிடமும் காட்டினான். உருப்படாமல் போன ஓர் உதிரி பாகத்தைக் கும்பிடுகிற மனிதனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளே ஜன்னல் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இக்னிஷனை மாற்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

உடனே மாற்றவில்லை. நான் அவசரக்காரன் இல்லை. என் முறை வாரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவன் முறையில் காரைத் தொட்டதாக ஆகும். தை மாதத்தில் தோதான ஒரு வாரம் அமைந்தது. ராசிபுரத்தில் பச்சமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். நல்ல வேலைக்காரர், பேச்சுதான் கொஞ்சம் அதிகம். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற மூடியைக் கழற்றி, தலை முறிந்த போல்ட்டுகளை உளி வைத்துத் தட்டி எடுத்து, பழைய இக்னிஷனைக் கையில் போட்டுக் குலுக்கிக் காட்டினார். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

"இதுல ஒரு தகடுகூட உருப்படியா இல்லீங்க. எப்படித்தான் ஓட்டுனீங்களோ" என்றார். புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒரு யோசனையும் சொன்னார். "ஏனுங்க, பழைய சாவிக்கே இதைச் செட் பண்ணிக் குடுத்தர்லாமுங்க. உள்ள தகட்டை மாத்தி அடுக்குனாப் போதும். ஊட்டுல எல்லாருக்கும் பழகுன சாவி பாருங்க."

"வேண்டாம். புதுசு புதுசாவே இருக்கட்டும்" என்றேன்.

"அப்பறம் டோருக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவின்னு ஆயிருமுங்க. பழைய சாவியும் இதுக்குள்ள போகும், ஆனாத் திரும்பாது. ஊட்டுல ஞாபகமாச் சொல்லிப்போடுங்க."

சரி என்றேன். வேலை முடிந்ததும் பழைய சாவியைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னபடியே நுழைந்தது, திரும்பவில்லை. சாவியை உருவிவிட்டு ஸ்டீரிங்கை அசைத்தேன். கடக்கென்று பூட்டிக்கொண்டது. பழையதில் அந்தப் பூட்டு எப்போதோ செத்துப்போயிருந்தது. பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வார்கள். இனி புதுச் சாவி இல்லாமல் அதற்கும் வழி இல்லை. வேலை சுத்தமாக இருக்கிறது என்று பச்சமுத்துவிடம் மனசாரச் சொன்னேன்.

புது இக்னிஷனோடு இரண்டு சாவிகள் வந்தன. ஒன்றை பீரோவில் வைத்தேன். ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பழைய சாவியைத் தூக்கி எறிய மனசில்லை, கார்க் கதவுக்கு அது வேண்டுமே. அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாளையில் அப்பா அடித்த ஆணியிலேயே மாட்டினேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடியே இருப்பதாகத்தான் தோன்றும். அடுத்த வாரம் ரமேஷ்குமாரின் முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். என் முறையில் எதையும் அவனுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை.

அதே வாரம் மக்காச்சோளமும் அடிக்க வேண்டியிருந்தது. காய்ந்த சோளத்தை மெஷினில் போட்டால் என்ன தூசு பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். என்னுடைய களம் ரமேஷ்குமாரின் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. தையில் காற்றும் கிழக்கிலிருந்துதான். மெஷின்காரர் முதலில் சொன்ன நாள் எனக்குச் சரிப்படவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். "அன்னிக்குப் பெரிய முகூர்த்தமாச்சுங்களே, உங்க பக்கம் ஆளே இருக்க மாட்டாங்களே" என்றார். ஆத்தூரில் எங்கள் சொந்தத்தில் கல்யாணம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கார் வைத்திருக்கிற எல்லோரும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரி சென்னியம்மாளும் முந்தின நாளே போய்விட்டாள். ரமேஷ்குமார் போகவில்லை. அவனுடைய சினை மாடு அன்றோ மறுநாளோ கன்று போடுகிற நிலையில் இருந்தது. மாட்டை விட்டுவிட்டு அவன் எங்கும் போகிற ஆள் இல்லை. பேச்சு இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டு நடப்பு தெரியத்தான் செய்யும். அதனால் வெள்ளிக்கிழமையே இருக்கட்டும் என்றேன்.

நான் அன்றைக்குக் களத்தில் மெஷினோடு நின்றிருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மெஷினோடு வந்த வடக்கத்தி ஆட்களிடம் வேலையைச் சொல்லிவிட்டு, காலைப் பலகாரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் பேசினாலே காது கேட்காது. தூசு மஞ்சளாகக் கிளம்பித் தென்னைக்கு மேலாக அவன் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மலர்விழி அவனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு சாளைக்கு வந்தாள். அவன் கையில் மருந்து பம்ப் இருந்தது. அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். கார்க் கதவு திறந்தது. அவனைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டு முன்னால் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். சாவி நுழைந்தது. திரும்பவில்லை.

இங்கேதான் அந்தக் குடும்பத்தின் லட்சணத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பூட்டு திறக்கவில்லை என்றால் பூட்டு மாறியிருக்கிறது என்று புத்திக்கு எட்ட வேண்டாமா? எட்டவில்லை. இறங்கி வீட்டுக்கு ஓடினாள். மோட்டார் ரூம் சாவியைக் கொண்டுவந்து போட்டாள். பிறகு பீரோ சாவி. பிறகு ஒரு கொத்துச் சாவி முழுவதும், ஒவ்வொன்றாக. நகவெட்டியும் வந்தது. "எடு சாமி, எடுத்துக்க சாமி" என்று காரிடம் கெஞ்சினாள். என் ஜன்னலுக்கு அது கேட்கவில்லை, வாயசைவிலேயே தெரிந்தது. கீழே இறங்கித் தனியாளாகக் காரைத் தள்ளக்கூடப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்க அலுப்பாகத்தான் இருந்தது. எந்தச் சாவியானாலும் நமக்குத் திறக்கும் என்று காலமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்.

ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தாள். அவர்களும் வேகமாகத்தான் வந்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற வண்டிப்பாதைக்குப் பலகை கிடையாது, வழி சொல்லவும் அன்று தோட்டங்களில் ஆள் கிடையாது. வந்து சேர்ந்தபோது பின்சீட்டில் ரமேஷ்குமாரின் விசில் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் காரியத்துக்குச் சாமான் வாங்க ஒரு வண்டி வேண்டியிருந்தது. என் முறை வாரம் என்பதால் நானே காரை எடுத்தேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினேன். ஒரே திருப்பில் எடுத்தது. திரும்பிப் பார்த்தால் மலர்விழி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் புகார், ஸ்டேஷன் எல்லாம்.

ஊர் என் பக்கம் என்பதுதான் இதில் கேவலம். "பாவம், குணசீலன் என்ன வேணும்னா பண்ணுனான், சொல்ல மறந்துட்டான்" என்கிறார்கள். எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். ரமேஷ்குமாரின் மகள் தமிழினி, சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடுங்க பெரியப்பா, அம்மா மனசு சரியில்லாமப் பேசறாங்க. மறதி ஆருக்குத்தான் இல்ல" என்று ஆறுதல் சொல்கிறாள். அப்பனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். தகப்பனைப் போலவே இவளும் யோசிக்கத் தெரியாத நல்லவள். சென்னியம்மாள் மட்டும் பீரோவில் இருந்த இரண்டாவது சாவியை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் மலர்விழியின் வீட்டில்தான்.

ஒரு கோழையைப்போல, ஓர் அரைவேக்காட்டைப்போல, வீட்டில் சொல்ல மறந்துவிட்டு இப்போது முழிக்கிறவனாக என்னை எல்லோரும் நினைப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நாள் பார்த்தது நான். காற்றுப் பார்த்தது நான். பச்சமுத்து சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் விட்டதும், பழைய சாவியை ஆணியில் மாட்டியதும் தெரிந்துதான். இதில் மறதி என்பது எள்ளளவும் கிடையாது. எஸ்.ஐ. விருப்பம்போல எந்தச் செக்‌ஷனையும் போட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் நான் கொலைகாரன் என்று மலர்விழி புகாரில் எழுதியிருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். எத்தனை வருஷம் பேசாமல் இருந்தால் என்ன, கேட்டவனுக்கு இல்லை என்று சொல்கிற ரத்தம் என்னுடையது இல்லை. அவள் என் வாசலுக்கு வந்தது உண்மைதான். வீட்டில் ஆள் இல்லை, தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன் என்று புகாரில் எழுதியிருக்கிறாள். அவசரத்தில் உள்தாழைக் கவனித்திருக்க மாட்டாள். இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். "மாமா, மாமா, கதவத் தொறங்க மாமா. அவருக்குக் கண்ணு சொருகுது. காரு எடுக்க மாட்டீங்குது, ஒரு எட்டு வந்து பாருங்க மாமா" என்று மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். பேச்சு நின்ற நாளிலிருந்து என்னை மாமா என்று அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான். இவ்வளவும் சொன்னாள், சாவியைக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்பாள், கேட்டதும் கொடுத்துவிடலாம் என்றுதான் நான் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் தட்டி ஓயும்வரை கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.